பிரெஸ்டன் கழகத்தின் ஆட்டக் கணக்கு

விளையாட்டைப் பற்றி எழுதப்படுவனவற்றுள் எவரும் விரும்பிப் படியாத பகுதி ஒன்று உண்டாயின், அது ஒரு கழகத்தின் பருவவாரியான ஆட்டக் கணக்கேயாம். ஆண்டு ஒன்றுக்கு ஒரு வரி. ஆடியவை இத்தனை, வென்றவை இத்தனை, சமமாய் முடிந்தவை இத்தனை, தோற்றவை இத்தனை. அடித்த கோல், வாங்கிய கோல், பெற்ற புள்ளி, அடைந்த இடம். அவ்வளவே. வட்டிக்கடைப் பேரேட்டை ஒத்த இவ்வரிகளில் சுவை யாது உளது என்று வினவுவார் பலர். மைதானத்தின் ஆரவாரமும் ஆடுவோனது கால்வன்மையும் இவற்றுள் அடங்கா என்பது உண்மையே. ஆயினும் எமது கருத்து வேறு. விளையாட்டின் பெயரால் எழுதப்படும் எல்லாவற்றுள்ளும் முகத்துதி அறியாதது இவ்வொன்றே என்றும், இதனை முழுவதும் படியாது நல்ல வரிகளை மட்டும் பொறுக்கி எடுத்துக் காட்டுதல் பொய் கூறுதற்கு அடுத்த படியே என்றும் யாம் கருதுகின்றோம். இதனை விளக்குதற்கு இங்கிலாந்து தேசத்துப் பிரெஸ்டன் நார்த் எண்ட் என்னும் உதைபந்தாட்டக் கழகத்தின் கணக்கை எடுத்துக்கொள்வோம்.

இப்பெயர் நம் மாணவருட் பலர் செவிக்குப் புதிதாய் இருத்தல் கூடும். மாஞ்செஸ்டர், லிவர்ப்பூல், லண்டன் முதலிய நகரங்களின் கழகங்கள் கடந்த 20, 30 ஆண்டுகளில் ஈட்டிய வெற்றிகளை மனப்பாடமாய் ஒப்புவிக்கும் இளைஞர் விடுதி அறைதோறும் உளர். ஆங்கில லீக்கின் வெற்றிப் பட்டியலில் முதல் வரியில் நிற்கும் பெயர் யாது என்று அவர்களைக் கேட்டால் விடை கூறுவார் அரியர். அப்பெயர் பிரெஸ்டனே. இரண்டாம் வரியில் நிற்பதும் அதுவே.

ரிப்பிள் ஆற்றங்கரையில், லங்காஷயர் நாட்டில் அமைந்த அவ்வூர் 19-ஆம் நூற்றாண்டில் பஞ்சாலைகளால் வளர்ந்தது. லங்காஷயர்த் துணி என்னும் சொல் நம் முன்னோர்க்கு மிகப் பழகிய சொல். அந்நாட்டு நெசவுக்கு இந்தியாவினும் பெரிய சந்தை வேறு இருந்ததில்லை. நம் தறிகளை ஓயச் செய்த அவ்வாலைகளில் உழைத்தோர், சனிக்கிழமைப் பிற்பகல் ஓய்வு கிடைத்தவுடன் திரண்டு சென்ற இடம் உதைபந்தாட்ட மைதானமாகும். பிரெஸ்டன் கழகம் 1880-ல் இவ்வாட்டத்திற்கென அமைந்தது. அதன் டீப்டேல் மைதானத்திலோ 1878 முதலே பந்து உருண்டு வருகின்றது.

கழகத்தை நடத்தியவர் வில்லியம் ஸடல் என்பார். ஒரு பஞ்சாலையின் நிர்வாகி. ஸ்காத்லாந்திலிருந்து வல்ல ஆட்டக்காரரை வருவித்து, அவர்க்கு ஊரில் வேலையும் தேடித் தந்து, தம் கழகத்திற்கு ஆடவைத்தார். அக்காலத்தில் கூலி பெற்று ஆடுதல் குற்றம். ஆங்கில உதைபந்தாட்டச் சங்கத்தை நடத்திய கனவான்கள், ஆட்டம் ஓய்வுடையார்க்கே உரியது, வயிற்றுக்காக ஆடுபவன் அதனை இழிவுபடுத்துகின்றான் என்று எண்ணினர். 1884-ல் லண்டனைச் சேர்ந்த அப்டன் பார்க் கழகம் முறையீடு செய்தபோது, ஸடல் குற்றத்தை மறைக்கவில்லை. ஆட்டக்காரரை வருவித்து வேலை தேடித் தந்தது மெய்யே என்று சொன்னார். பிரெஸ்டன் அவ்வாண்டுக் கிண்ணப் போட்டியினின்று விலக்கப்பட்டது. ஆயின் வடநாட்டுக் கழகங்கள் பல தனிச்சங்கம் அமைப்போம் என்று எழுந்தன. 1885 ஜூலையில் கூலி பெற்று ஆடுதல் முறையானதென்று சங்கமே விதி செய்தது. ஆலையில் வாரம் முழுதும் நின்று உழைப்பவன், ஆட்டத்திற்காகக் கூலியை இழந்தால் அவன் குடும்பம் எதனை உண்ணும் என்னும் வினாவிற்குக் கனவான்களிடம் விடை இல்லை. இதில் எம் மனம் ஸடல் பக்கமே சாய்கின்றது. எனினும் அவர் கதையின் மறுபக்கத்தையும் கூறாது விடல் எம் கட்டுரையின் நோக்கத்திற்கே முரணாகும்: தாம் நிர்வகித்த ஆலையின் பணத்தைக் கையாடியதற்காக 1895-ல் அவர் மூன்று ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

இனிக் கணக்கின் முதல் வரியை நோக்குவோம். 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் 12 கழகங்களோடு லீக் தொடங்கிற்று. பிரெஸ்டன் ஆடியவை 22, வென்றவை 18, சமம் 4, தோல்வி என்னும் கட்டத்தில் ஒரு சுழி. அடித்த கோல் 74, வாங்கியவை 15. புள்ளிகள் 40. இரண்டாம் இடம் பெற்ற ஆஸ்டன் வில்லாவிற்கு 29. வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமத்திற்கு ஒன்று என்னும் விதியே பருவம் தொடங்கிச் சில மாதங்கள் கழிந்த பின்னர்தான் முடிவாயிற்று என்பதையும் சேர்த்து எண்ணுக. எதனை எவ்வாறு எண்ணப் போகின்றனர் என்று அறியாமலே ஆடத் தொடங்கியவர், எவ்வாறு எண்ணினும் முதலில் நிற்கும்படி ஆடி முடித்தனர். அப்பருவத்தின் கிண்ணப் போட்டியிலும், எதிரிக்கு ஒரு கோலும் கொடாமல், 1889 மார்ச்சு 30-ஆம் நாள் லண்டன் ஓவல் மைதானத்தில் வுல்வர்ஹாம்ப்டனை 3-0 என வென்றனர். லீக்கில் ஒரு பருவம் முழுதும் தோல்வி அறியாது முதலிடம் பெற்ற கழகம் பிறிதொன்று தோன்ற 2003-04 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அது ஆர்சனல், அவர்கள் 38 ஆட்டங்கள் ஆடினர் என்பது அவர்க்குச் சிறப்பு, கிண்ணத்தை அப்பருவத்தில் வெல்லவில்லை என்பது பிரெஸ்டனுக்குச் சிறப்பு.

முந்திய ஆண்டிலும் இக்கழகத்தார் பெரும்பலம் கொண்டே விளங்கினர். 1887 அக்டோபரில் ஹைட் கழகத்தைக் கிண்ணப் போட்டியில் 26-0 என்று வீழ்த்தினர். அதே கிண்ணத்தின் இறுதி ஆட்டத்திற்கு முன்னரே, உடை அழுக்காகுமுன் கிண்ணத்தோடு புகைப்படம் எடுத்துக்கொள்ள நடுவரிடம் அனுமதி கேட்டனர் என்றும், முதலில் அதனை வென்று வாருங்கள் என்று அவர் கூறிவிட்டார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதை எப்படியாயினும், அவ்வாட்டத்தில் வெஸ்ட் பிராம்விச்சிடம் 2-1 எனத் தோற்றது கணக்கில் உளது.

கணக்கு என்பது முழு உண்மை என்று யாம் வாதிக்கப் புகவில்லை. அதில் இடம் பெறாதோரும் உளர். அவருள் ஒருவரைப் பற்றி, மிஷன் கல்லூரியினராகிய நாம் சற்று நின்று எண்ணுதல் தகும். 1886-87 பருவத்தில் பிரெஸ்டனின் கோலைக் காத்தவர் ஆர்தர் வார்ட்டன் என்னும் ஆப்பிரிக்க இளைஞர். 1865-ல் ஆப்பிரிக்காவின் பொற்கரையில் அக்ரா நகரில் பிறந்தவர். தந்தை கிரனாடாத் தீவினின்று அங்குச் சென்று ஊழியம் செய்த வெஸ்லியன் மிஷனரி. மைந்தனும் அவ்வூழியத்திற்கே பயிற்சி பெறும்படி இங்கிலாந்திற்கு அனுப்பப்பட்டார். அவர் கால்களோ வேறு வழியிற் சென்றன. 1886-ல் 100 கஜத்தைப் பத்து விநாடியில் ஓடி இங்கிலாந்தின் ஓட்டப் போட்டியில் முதல்வரானார். அவர் காத்த கோலோடு பிரெஸ்டன் கிண்ணப் போட்டியின் அரையிறுதி வரை சென்றது. லீக் தொடங்குமுன் அவர் கழகத்தை விட்டு நீங்கினமையால், தோல்வியற்ற பருவத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் இல்லை. பின்னர் வேறு கழகங்களிற் கூலிக்கு ஆடி, உலகிலேயே முதலில் தொழிலாக உதைபந்து ஆடிய கறுப்பினத்தவர் என்று இன்று கொண்டாடப்படும் அவர், இறுதியில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து 1930-ல் இறந்தார். அவர் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் நாட்டப்பட்டது 1997-லேதான். ஒரு பருவம் பிந்திப் பிறந்திருந்தால் எனச் சொல்லத் தோன்றுகின்றது; அவ்வாறு சொல்வதிற் பயன் இல்லை.

1889-90-லும் முதலிடம். அதன்பின் 1891, 1892, 1893 ஆகிய மூன்றாண்டும் இரண்டாம் இடம். ஒருமுறை எவர்ட்டனுக்கும் இருமுறை ஸண்டர்லாண்டிற்கும் பின்னே. பெரிய ஊர்கள் விழித்துக்கொண்டன. பணம் கொடுத்து ஆட்டக்காரரை வருவிக்கும் வித்தை பிரெஸ்டனுக்கு மட்டும் உரிய மந்திரமாக இருக்கவில்லை. 1901-ல் இரண்டாம் பிரிவிற்கு இறங்கிற்று. அடுத்த 30 ஆண்டுக் கணக்கு கமலைச் சாலை ஒத்தது: 1904-ல் ஏறிற்று, 1912-ல் இறங்கிற்று, 1913-ல் ஏறிற்று, 1914-ல் இறங்கிற்று, 1915-ல் ஏறிற்று, 1925-ல் இறங்கிற்று, 1934-ல் ஏறிற்று. 1922-ல் கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் ஹட்டர்ஸ்பீல்டிடம் ஒரு தண்டனை உதையால் 1-0 எனத் தோற்றனர். 16 ஆண்டுகள் கழித்து, 1938-ல், அதே கழகத்தோடு அதே இறுதியாட்டத்தில், மிகை நேரத்தின் கடைசி நிமிடத்தில் ஜார்ஜ் மட்ச் உதைத்த தண்டனை உதையால் அதே 1-0 என வென்றனர். கட்டுக்கதை எழுதுவோன் இவ்வாறு எழுதினால் நம்பத்தகாதது என்று தள்ளிவிடுவோம்.

1939-40 பருவத்தில் மூன்றே ஆட்டங்கள் நிகழ்ந்தன; யுத்தம் மூண்டது; அம்மூன்றும் கணக்கினின்று நீக்கப்பட்டன. ஆறு ஆண்டுகள் வெற்றிடம். அவ்வெற்றிடத்திற்குள் 1941-ஆம் ஆண்டின் யுத்தகாலக் கிண்ணம் உளது. ஆர்சனலோடு வெம்பிளியில் 1-1 எனச் சமமாய் ஆடிப் பின்னர் மறு ஆட்டத்தில் 2-1 என்று வென்ற அவ்வணியில் 19 வயது இளைஞன் ஒருவன் இருந்தான். அவனே டாம் பின்னி.

பின்னியைப் பற்றி எழுதுங்கால் எம் வாதத்தின் உயிர்நிலையை அடைகின்றோம். குழாய் வேலை கற்றவர். ஆட்டக் காலத்திலும் அத்தொழிலை விடாதவர். பிரெஸ்டனிலேயே பிறந்து, பிரெஸ்டனுக்கே 1946 முதல் 1960 வரை 433 லீக் ஆட்டங்கள் ஆடி 187 கோல் அடித்தவர். இங்கிலாந்து தேசம் ஈன்ற ஆட்டக்காரருள் தலைசிறந்தார் இவரே என்று சொல்லுவோர் இன்றும் உளர். 1954, 1957 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகப் பத்திரிகை எழுத்தாளர் இவரையே தெரிந்தெடுத்தனர். ஆயினும் இவர் முதற்பிரிவு லீக்கையும் வெல்லவில்லை, கிண்ணத்தையும் வெல்லவில்லை. 1954-ன் இறுதியாட்டத்தில் வெஸ்ட் பிராம்விச்சிடம் 3-2 எனத் தோல்வி. யுத்தகாலக் கிண்ணத்தையும், 1951-ல் இரண்டாம் பிரிவில் பெற்ற முதலிடத்தையும் விட்டால், வெற்றிப் பலகையில் இவர்க்கு உரியது ஒன்றும் இல்லை. வெற்றிகளை மட்டும் எழுதிவைக்கும் வழக்கத்தின்படி இப்பதினான்கு ஆண்டும் ஒரு வெற்றுச் சுவரே.

அவ்வாறன்றி முழுக் கணக்கையும் திறந்து 1952-53-ஐ நோக்குமின். ஆர்சனல்: ஆடியவை 42, வென்றவை 21, சமம் 12, தோல்வி 9, புள்ளி 54. பிரெஸ்டன்: ஆடியவை 42, வென்றவை 21, சமம் 12, தோல்வி 9, புள்ளி 54. அச்சுப் பிழையோ என்று ஐயுற வேண்டா. இரு வரியும் ஒன்றே. அக்கால விதிப்படி, அடித்த கோலை வாங்கிய கோலால் வகுத்து வரும் சராசரியே முடிவு கூறும். ஆர்சனல் அடித்தவை 97, வாங்கியவை 64. பிரெஸ்டன் அடித்தவை 85, வாங்கியவை 60. முன்னது 1.516, பின்னது 1.417. ஒன்றில் பத்தில் ஒரு பங்கும் நிரம்பாத வேறுபாட்டால் ஒரு நகரத்தின் 63 ஆண்டுக் காத்திருப்பு வீணாயிற்று. அவ்வேப்ரல் மாதத்திலேதான் பிரெஸ்டன் தன் மைதானத்தில் ஆர்சனலை 2-0 என வென்றிருந்தது. தன் கடைசி ஆட்டத்தையும் வென்று முடித்துக் காத்திருந்தது. மே மாதம் 1-ஆம் நாள் மாலை ஆர்சனல் பர்ன்லியை 3-2 என வென்றது; கணக்கு முடிந்தது. வகுத்தலுக்குப் பதில் கழித்தலைக் கொண்டாலும் ஆர்சனலே முந்தும். ஆதலால் விதியைக் குறைகூறவும் இடம் இல்லை. இவ்வரியைப் படித்துவிட்டுப் பிரெஸ்டன் அப்பருவத்தில் 'ஒன்றும் பெறவில்லை' என்று சொல்ல எவர்க்கு மனம் வரும்? பலகையிலோ ஒன்றும் பெறாததாகவே உளது.

அதற்கு முந்திய 1952-ஆம் ஆண்டில், இத்தாலி தேசத்துப் பலெர்மோ கழகத்தின் தலைவராகிய ஒரு பிரபு, பின்னியைத் தம் கழகத்திற்கு வேண்டி 10,000 பவுன் கைமேல் தருவதாகவும், அதன்மேல் சம்பளமும் இல்லமும் தருவதாகவும் சொல்லியனுப்பினார். பிரெஸ்டன் கழகத்தார் இணங்கவில்லை; பின்னி தம் ஊரிலேயே நின்றார். அந்நாளில் இங்கிலாந்தில் எத்துணைச் சிறந்த ஆட்டக்காரனுக்கும் வாரச் சம்பளத்திற்கு ஓர் உச்ச வரம்பு இருந்தது. இறுதிக்காலத்தில் அது 20 பவுன். 50,000 பேர் பணம் கொடுத்துக் காண வரும் ஆட்டத்தின் உயிராய் நிற்பவனுக்குக் குழாய் வேலையையும் விடமுடியாத சம்பளம்! அவ்விதி அநீதி என்பதில் எமக்கு ஐயம் இல்லை.

ஆயினும் கணக்கு வேறொன்றையும் காட்டுகின்றது. அதனைக் கண்டும் காணாதது போலச் செல்ல யாம் உடன்படோம். 1957-58-ல் பிரெஸ்டன் 100 கோல் அடித்து, மீண்டும் இரண்டாம் இடம். 1960-ல் பின்னி ஓய்வுற்றார். 1961 ஜனவரியில் உச்ச வரம்பு நீங்கிற்று. அவ்வாண்டு வசந்தத்தில் பிரெஸ்டன் முதற்பிரிவின் கடைசி இடத்தில் நின்று இறங்கிற்று. பின்னியின் ஓய்வே இதற்குக் காரணம் என்பர். ஒரு வரியை மட்டும் பார்த்தால் அதுவே சரி. அண்டை ஊர்களின் கணக்கையும் அருகே விரித்து வைத்துப் பார்த்தால் அவ்விடை போதாது. போல்ட்டன் 1964-ல் இறங்கிற்று, பிளாக்பர்ன் 1966-ல், பிளாக்பூல் 1967-ல், பர்ன்லி 1971-ல். லங்காஷயரின் நடுத்தர ஊர்க் கழகங்கள் ஐந்தும் பதினோராண்டுக்குள் ஒன்றன்பின் ஒன்றாய் முதற்பிரிவை விட்டன. பஞ்சாலைகளும் அதே காலத்தில் மூடப்பட்டு வந்தன. சம்பளத்திற்கு வரம்பு இருந்தவரையில், பின்னியை ஒத்தவன் லண்டனுக்குச் சென்றாலும் 20 பவுன், ஊரில் இருந்தாலும் 20 பவுன். ஆதலால் சிறிய ஊர் பெரிய ஊரோடு நிகராய் நின்றது. தொழிலாளிக்கு நீதி வந்த வாயில் வழியே சிறிய ஊரின் வாழ்வு வெளியேறிற்று. அவ்விதி திரும்புதல் வேண்டுமென்று யாம் கூறோம். ஒருவன் உழைப்பைக் குறைந்த விலைக்கு வாங்கி ஊர்ப்பெருமையைக் காத்தல் தருமம் ஆகாது. ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது என்பதையும், அவ்விலையைக் கொடுத்தோர் யாவர் என்பதையும் இவ்வரிகள் எழுதி வைத்துள்ளன. பிற்காலத்தில் அவ்வைந்தனுள் நான்கு முதற்பிரிவிற்கு எக்காலத்தேனும் திரும்பின; பிளாக்பர்ன் ஒரு செல்வரின் பொருளுதவியால் 1995-ல் முதலிடமும் பெற்றது. 1961-ல் இறங்கிய பிரெஸ்டன் 2025 வரையில் திரும்பவில்லை.

1964-ல் இரண்டாம் பிரிவில் இருந்துகொண்டே கிண்ணத்தின் இறுதியாட்டம் வரை சென்று, வெஸ்ட் ஹாமிடம் 3-2 எனத் தோற்றது ஒன்றே அடுத்த பல பக்கங்களில் ஒளியுடையது. 1970-ல் மூன்றாம் பிரிவு. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, 1985-ல் நான்காம் பிரிவு. 1985-86-ல் அந்நான்காம் பிரிவிலும் 24 கழகங்களுள் 23-ஆம் இடம். அதாவது, லீக்கில் இருந்த 92 கழகங்களுள் 91-ஆவது. அக்கால விதிப்படி கடைநான்கு கழகங்களும் ஏனைய கழகங்களின் வாக்கை வேண்டி, மீண்டும் சேர்த்துக்கொள்ளுமாறு விண்ணப்பம் செய்தல் வேண்டும். லீக்கைத் தோற்றுவித்த பன்னிருவருள் ஒருவர், அதன் முதல் இரண்டு ஆண்டின் முதல்வர், எங்களை வெளியே தள்ளிவிடாதீர் என்று கைகூப்பி நின்ற காட்சி அது. சேர்த்துக்கொண்டனர். புல்லுக்குப் பதில் செயற்கை விரிப்பை டீப்டேலில் பரப்பி, அடுத்த பருவத்திலேயே இரண்டாம் இடம் பெற்று மேலேறினர். (அவ்விரிப்பில் விழுந்தோர் முழங்கால் தோலை இழந்தனர், 1994-ல் அது அகற்றப்பட்டது.)

எம் குறை இங்கேதான் தொடங்குகின்றது. 1992-ல் முதற்பிரிவுக் கழகங்கள் தனியே பிரிந்து பிரிமியர் லீக் என்னும் பெயரில் அமைந்தன. அன்று முதல், உதைபந்தாட்டம் உலகிற் பிறந்ததே 1992-ல் என்பது போலக் கணக்கெழுதும் வழக்கம் பரவியுள்ளது. மிகுதியான கோல் அடித்தவர், மிகுதியான வெற்றி பெற்றவர் என்று வெளியிடப்படும் பட்டியல்களிற் பல அவ்வாண்டிலேயே தொடங்குகின்றன. பிரெஸ்டன் பிரிமியர் லீக்கில் ஆடியதே இல்லை. ஆதலால் அப்பட்டியல்களில் அதற்கு வரியே இல்லை. பின்னிக்கு இல்லை, 1888-க்கு இல்லை, 1.417-க்கும் இல்லை. ஒரு பழங்குடியின் பத்திரங்களில் வசதியான பக்கத்திலிருந்து படி எடுத்து, முந்திய ஏடுகளை அடுப்பில் இடுதல் போன்றது இது. இங்கிலாந்தின் தேசிய உதைபந்தாட்டக் காட்சிச்சாலை 2001-ல் டீப்டேல் மைதானத்திலேயே திறக்கப்பட்டது. மிகப் பொருத்தமான இடம். 2012-ல் அது மாஞ்செஸ்டரிற் குடியேறியது. காண வருவோர் தொகை அங்கு மிகும் என்பது காரணமாயின் அதனை மறுக்க இயலாது. எனினும் சென்ற வழி 1961-ல் ஆட்டக்காரர் சென்ற வழியே.

இது பிறர் நாட்டுச் செய்தி, நமக்கென்ன என்று கூறுவார்க்கு ஒன்று கூறுவோம். நம்முடையன போன்ற கல்லூரிகளின் விளையாட்டறைச் சுவரில் தொங்கும் பலகைகளைக் காண்மின். கோப்பை பெற்ற ஆண்டும் அணித்தலைவன் பெயரும் பொன்னெழுத்தில் உள. ஒரு பெயர்க்கும் மறு பெயர்க்கும் இடையே சில சமயம் ஒன்பது, பத்து ஆண்டுகள் இல்லை. அவ்வாண்டுகளிலும் பதினொருவர் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து மைதானத்தில் ஓடினர்; அவர்கள் பெயர் எங்கே? இத்தகைய ஆண்டு மலர்களில் வரும் விளையாட்டுச் செயலாளர் அறிக்கைகளோ, 'நம் அணியினர் திறம்பட ஆடியும் அதிருஷ்டம் கைகொடுக்கவில்லை' என்னும் ஒரே வாக்கியத்தை ஆண்டுதோறும் உடுத்திக்கொண்டு வருகின்றன. எத்தனை கோலாற் கைகொடுக்கவில்லை என்பது எழுதப்படுவதில்லை. 5-0 எனத் தோற்றோம் என்று எழுதுவதில் இழிவு இல்லை; 26-0 எனத் தோற்ற ஹைட் கழகத்தின் பெயர் இன்றும் பேசப்படுகின்றது. இம்மலரை நடத்துவோர்க்கு எமது வேண்டுகோள் யாதெனின், ஒவ்வோர் அணியும் ஆடிய ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவையும், வெற்றி தோல்வி பாராது, எண்களோடு ஒரு பக்கத்தில் அச்சிடுக என்பதே. ஐம்பது ஆண்டு கழித்துத் தம் மைந்தரோடு இங்கு வரும் பழைய மாணவர் அப்பக்கத்தையே முதலில் தேடுவர்.

அட்டவணையின் முடிவை மாற்றும் வேறோர் ஏற்பாடும் உண்டு. 46 ஆட்டங்கள் ஆடி மூன்றாம், நான்காம் இடம் முதலியவற்றைப் பெற்ற கழகங்கள், மேற்பிரிவிற்கு ஏறும் உரிமைக்காகப் பருவ முடிவில் தமக்குள் மீண்டும் மோதும் தேர்வாட்டங்கள் 1987 முதல் அங்கு நடைபெறுகின்றன. எமக்கு இவ்வேற்பாடு உவப்பன்று. ஒன்பது மாதம் உழுது விளைத்ததைக் களத்துமேட்டில் ஒரு பிற்பகற் சூதில் வைத்தல் போன்றது. ஆனால் வசூல் மிகுதி. ஆதலால் அது நீங்காது. பிரெஸ்டன் இத்தேர்வாட்டங்களில் ஒன்பது முறை புகுந்து ஒன்பது முறையும் தோற்றது. அவற்றுள் 2001-ல் போல்ட்டனிடம் 3-0 என்றும், 2005-ல் வெஸ்ட் ஹாமிடம் 1-0 என்றும் இறுதியாட்டத்திலேயே தோற்றுப் பிரிமியர் லீக்கின் வாயிற்படியினின்று திரும்பிற்று. 2011-ல் மீண்டும் மூன்றாம் பிரிவிற்கு இறங்கியது. பத்தாம் முறை, 2015-ல், வெம்பிளியில் ஸ்விண்டனை 4-0 என வென்று இரண்டாம் பிரிவை அடைந்தது. நான்கில் மூன்று கோல் பெக்போர்டு என்பவர் அடித்தவை. அந்த ஒன்பதனையும் அறியாதவனுக்குப் பத்தாவது ஒரு சாதாரண வெற்றி.

அதன்பின் வந்த வரிகள் பெரும்பாலும் நடுத்தரமானவை. ஏழாம் இடம், ஒன்பதாம் இடம், பன்னிரண்டாம் இடம் முதலியன. 2024-25-ஆம் பருவ வரி சற்று வேறு. ஆடியவை 46, வென்றவை 10, சமம் 20, தோல்வி 16, புள்ளி 50, 24-ல் 20-ஆம் இடம். கடைசி நாளில் பிரிஸ்டல் நகரில் 2-2 எனச் சமமாய் முடித்து ஒரு புள்ளி பெற்றனர். 49 புள்ளி பெற்ற லூட்டன் இறங்கியது. பிரெஸ்டனின் அடுத்த பருவம் இரண்டாம் பிரிவிலேயே தொடங்கிற்று.